நீ அழிக்கச் சொன்ன பேக்கப்

ஜெரோம்,

இரண்டாவது கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. நீ புனேயில் வேலையாக இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், உன் அம்மாவும் நானும் ஜோவியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு கோயிலில் வழக்கமான பெஞ்சில் இருந்தோம். பூசை முடிகிற சமயத்தில் சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கரையான்சாவடியைச் சேர்ந்தவரும் காலஞ்சென்ற ஸ்டெல்லாவின் கணவருமான ஜெரோமுக்கும், ஆவடியைச் சேர்ந்த ரெஜினாவுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் வந்து தெரிவிக்க வேண்டும் என்று வாசித்தார். கோயிலில் ஒருவரும் அசையவில்லை. உன் மகள் மட்டும் என் சட்டைக் கையை இழுத்து, "தாத்தா, ஃபாதர் எங்கம்மா பேரைச் சொன்னாரு," என்றாள். ஆமாம் என்றேன்.

உன் திருமணத்தில் எனக்குத் தடை ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைப் பாதியிலேயே மூடி வைத்துவிடுவாய். நீ வேண்டாம் வேண்டாம் என்று தட்டிக்கழித்தபோது விடாமல் உன்னை அரித்தெடுத்தவர்களே நாங்கள்தான். ரெஜினாவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மூன்றாவதும் கடைசியுமான ஓலைக்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதுமே உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடுகிறது. வாட்ஸப்பில் போடுங்கள் என்கிறாள் உன் அம்மா. அது காலை வணக்கத்துக்கும் ரோஜாப்பூவுக்கும் ஏற்பட்ட இடம். எனக்கு உட்கார்ந்து எழுதினால்தான் மனதில் இருப்பது வரிசையாக வரும்.

விஷயம் இதுதான். உன் பழைய ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்து துடைத்தாகிவிட்டதா என்று நீ கேட்டாய். ஆச்சு என்றேன். அது பொய். அந்த டிஸ்க் நம் வீட்டு பீரோவில், என் வேட்டிகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. அதில் இருப்பதை வேறொரு கணினியில் திறந்தும் பார்த்துவிட்டேன். கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். ஓலை வாசிக்க வேண்டுமானால் ஸ்டெல்லாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று சாமியார் சொன்னார். மூலப் பிரதி நீ புனேக்கு வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. நகல் எடுக்க அலைந்தால் நாளாகும். அப்போதுதான், அதை ஸ்கேன் செய்து பழைய லேப்டாப்பில் வைத்திருந்ததும், லேப்டாப் செத்துப்போவதற்கு முன் கடைசியாக எடுத்த பேக்கப் இங்கே அலமாரியில் கிடப்பதும் உனக்கு ஞாபகம் வந்தது. டிஸ்க்கை கூரியரில் அனுப்பவா என்று கேட்டேன். நீ உடனே மறுத்தாய். "அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுங்கப்பா. மத்ததெல்லாம் வேணாம். பார்மட் பண்ணிடுங்க." உன் குரலில் ஓர் அவசரம் இருந்தது. சூடான பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பவன், இதை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுபோல் சொன்னாய்.

சரி என்று டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் செருகிப் பார்த்தார். உள்ளே ஒரே ஒரு ஐகான். அதைத் திறந்து ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போகப் பார்த்தால், உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது கணினி. என் பிள்ளையின் டிஸ்க்குக்குள் போக எனக்கு அனுமதி இல்லையாம். கடைக்காரருக்கு வாசலில் வேறு இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். "உள்ள ஒண்ணும் இருக்கிற மாதிரி தெர்ல நைனா. பார்மட் அடிச்சிட்டா புச்சு மாதிரி ஆயிடும், அடிச்சிடவா?" என்று கேட்டுக்கொண்டே மவுஸை நகர்த்திவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். உண்மையாகவே பிடித்தேன் ஜெரோம். நீ என்னைச் செய்யச் சொன்ன அதே காரியத்தைத்தான் அவரும் செய்யப் பார்த்தார். அந்த நிமிடம் எனக்குச் சான்றிதழ் ஞாபகம்கூட வரவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று சொன்னதுதான் நினைவிருக்கிறது.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிறகு பொறுமையாக விளக்கினார். பேக்கப் என்பது ஃபைல்களை அப்படியே நகலெடுத்து வைப்பது அல்லவாம். பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைப்பதாம். கட்டிய கணினி இல்லையென்றாலும் பரவாயில்லை, வேறு கணினியில் இருக்கும் அதே பேக்கப் புரோகிராமைத் திறந்து, இது இன்னொரு கணினியில் எடுத்தது என்று சொல்லிக் கொடுத்தால் பிரித்துத் தருமாம். "உங்க ஊட்டு லேப்டாப்லயே அந்த புரோகிராமு கீது நைனா. குந்திகினு பொறுமையா பண்ணா வந்துடும்," என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஜோவி பள்ளிக்கூடம் போனபிறகு, அவள் பாடம் படிக்கிற லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நானும் உன் அம்மாவும் உட்கார்ந்தோம். அந்தப் புரோகிராமைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவள் இரண்டு முறை காபி போட்டுவிட்டாள். கடைசியில் அது டிஸ்க்கைக் கண்டுகொண்டு, எந்தக் கணினியின் பேக்கப் வேண்டும் என்று கேட்டது. பட்டியலில் ஒரே ஒரு பெயர். ஸ்டெல்லா. உன் லேப்டாப்புக்கு நீ அவள் பெயரை வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அம்புக்குறியை அந்தப் பெயரின் மேல் கொண்டுபோய் அழுத்தினேன்.

பிறகு ஒரு தப்புச் செய்தேன். பிரித்த ஃபைல்களை எங்கே வைக்கட்டும், பழைய இடத்திலேயே வைக்கவா, வேறு இடம் சொல்கிறாயா என்று அது கேட்டது. பழைய இடத்திலேயே வைப்பதுதானே மரியாதை என்று நினைத்து அதையே அழுத்தினேன். எல்லாம் ஓடி முடிந்து, முடிந்தது என்றும் சொல்லிவிட்டது. தேடினால் எங்கேயும் காணோம். உன் அம்மா என்னைத் திட்டிய திட்டு பக்கத்து ஃபிளாட் வரை கேட்டிருக்கும். "ஒரு பொண்ணோட மொகத்தைத் தொலைச்சிட்டீங்களே," என்றாள். அப்புறம்தான் புரிந்தது. பழைய இடம் என்பது அந்தப் பழைய கணினியில் உன் பெயரில் இருந்த இடம். இந்த லேப்டாப்பில் நீ ஏது? அதனால் உன் பெயரில் ஒரு புது ஃபோல்டரை அதுவே உண்டாக்கி, நாங்கள் எட்டிப் பார்க்காத மூலையில் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ஜோவி என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அங்கே வை என்று சொன்னோம். புது வீட்டுக்குப் போகிற நீயும் இதை ஞாபகம் வைத்துக்கொள். பழையதைப் பழைய இடத்திலேயே வைக்க முடியாது, அந்த இடம் இப்போது இல்லை. அதற்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கிவிட்டால், புதிதாக வருகிறவளையும் அது இடிக்காது.

ஃபைல்கள் வரும்போது அவற்றின் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக ஓடின. நீ பெயர் வைக்கிற லட்சணமும் இருக்கிறதே. ஜோவி சோறு, ஜோவி சோறு புதுசு, ஸ்டெல்லா தூக்கம் சொல்லாதே, பாடி மாமியார் வீடு மழை. நாங்கள் சிரித்தோம். சான்றிதழும் கிடைத்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நீ சொன்னது அவ்வளவுதான். நிறுத்தவில்லை.

ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதை நான் பிரிக்கவில்லை. எது எது வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொல்கிற இடத்தில் அதை இரண்டு முறையும் குறிக்காமல் விட்டுவிட்டேன். காய்ச்சல் என்று போன பெண் திரும்பி வராத அந்த நாட்களை நீ எதற்காகப் படம் எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். நீ அந்தப் பழைய லேப்டாப்பைத் திறந்த போதெல்லாம் முதலில் அதற்குள்தான் போயிருப்பாய். அதனால்தான் மொத்தத்தையும் அழிக்கச் சொல்கிறாய். உன் சின்ன வயதில் நம் நாய் டைகர் செத்தபோதும் இப்படித்தான் செய்தாய். சங்கிலி, தட்டு, அது படுத்த சாக்கு எல்லாவற்றையும் குப்பையில் போட்டாய். அது படுத்திருந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாய். வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்றாய். பெரிய வைராக்கியக்காரன் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பூந்தமல்லி போகிற வழியெல்லாம் தெருநாய்களை நிறுத்தி, பிஸ்கட் கொடுத்து, முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு மறக்க வரவே வராது. தூக்கிப் போட மட்டும்தான் வரும். ஒரு ஃபோல்டருக்காக மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை என்று அன்றைக்கே உனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்போது நான் பார்த்த ஒரு வீடியோவைப் பற்றிச் சொல்கிறேன். தேர்த் திருவிழாவுக்குக் கிளம்புகிற நாள் என்று நினைக்கிறேன். ஜோவிக்கு மூன்று வயதுகூட நிரம்பியிருக்காது. ஸ்டெல்லா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேள்வி கேட்கிறாள். அலுவலகத்தில் எத்தனை திருத்தமாகப் பேசுவாளோ, வீட்டில் அத்தனைக்கு அத்தனை பிறந்த ஊரான பாடியின் பாஷை பேசுகிற பெண் அல்லவா.

"உம் பேரு இன்னா?"

"ஜோவிதா."

"ஊடு எங்க கீது?"

"கரையான்சாவடி. மாதா கோயில் பின்னால. பச்சை கேட்டு."

"கூட்டத்துல கை உட்டுப் பூட்சினா இன்னா பண்ணுவ?"

"அழ மாட்டேன். எங்கியும் போவ மாட்டேன். அம்மா வர்ற வரிக்கும் அங்கியே நிப்பேன்."

"அதான் என் தங்கம். நீ நின்னுகினே இரு. அம்மா கண்டிப்பா வந்துடுவேன்."

போன வருடம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஜோவி என் கையை விட்டுத் தவறியதை உனக்குச் சொன்னேன், நினைவிருக்கிறதா? நான் பதறிக்கொண்டு தேடிப் போனபோது, அவள் பூக்கடை ஓரமாக அழாமல், அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பூக்காரம்மா எத்தனையோ கூப்பிட்டும் நிழலுக்குக்கூட நகரவில்லையாம். அவ்வளவு வெயில். எத்தனை தைரியம் பார், அப்படியே என் ரத்தம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்குத்தான் தெரிந்தது, அது என் ரத்தமும் இல்லை, தைரியமும் இல்லை. யார் சொல்லித் தந்தார்கள் என்பதே மறந்துபோன பிறகும், சொல்லித் தந்தபடியே நின்றிருக்கிறது குழந்தை. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். உன் அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஜோவிக்குத் தெரிந்த அம்மா யார் சொல்? கல்யாண ஆல்பத்தில் பூவும் பவுடருமாக விறைப்பாக நிற்கிற ஒருத்தி. சுவரில் மாலைக்குள் இருக்கிற ஒருத்தி. இரண்டு பேருமே பேச மாட்டார்கள். வீட்டில் ஸ்டெல்லாவைப் பற்றிய பேச்சை எடுக்க வேண்டாம், குழந்தை ஏங்கிப்போகும் என்று நீ சொன்னாய். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. அவள் போன் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஆக, நடக்கிற, பேசுகிற, குழந்தையைக் கொஞ்சுகிற ஸ்டெல்லா இந்த உலகத்தில் இந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறாள். அதைத்தான் நீ பார்மட் செய்யச் சொன்னாய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஸ்டோர்ஸ் பார்த்த காலமெல்லாம் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பொருளையும் ஒருவர் மட்டும் சொல்லி ஸ்கிராப்பில் போட முடியாது. முதலாளியே வந்து சொன்னாலும் சரி, அந்தப் பொருளோடு சம்பந்தப்பட்ட இன்னொருவரும் வந்து, கண்ணால் பார்த்து, ஆமாம் இது வேண்டாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்திலும் ஆத்திரத்திலும் நல்ல சாமான்கள் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. அது அலுப்பான வேலை, எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். இருந்தாலும் நான் விட்டதில்லை. இந்த டிஸ்க்கில் உனக்குப் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. இன்னொரு பங்கு ஜோவியுடையது. அவள் வளர்ந்து, பார்த்துவிட்டு, வேண்டாம் தாத்தா என்றால் அன்றைக்கு நானே அழிக்கிறேன். நான் இல்லாவிட்டால் நீ அழி.

ரெஜினாவுக்காகத்தான் இதைச் செய்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவள் மனம் நோகக் கூடாது என்று நினைப்பது நல்ல குணம்தான். ஆனால் நீ அவளிடம் கேட்டாயா? இரண்டாவது ஓலை வாசித்த அன்று அவளும் அவள் அம்மாவும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஜோவி அவளைப் பார்த்து, எங்கம்மா எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டாள். எங்கள் கை எல்லாம் இலையிலேயே நின்றுவிட்டது. ரெஜினா நிதானமாக, எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன் என்றாள். பிறகு நான் கை கழுவப் போன இடத்துக்கு வந்து, நிஜமாகவே கேட்டாள். என்னால் மறைக்க முடியவில்லை. டிஸ்க்கைப் பற்றியும், நீ சொன்னதைப் பற்றியும், நான் உன்னிடம் சொன்ன பொய்யைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவள் குழாயை மூடினாள்.

"அதை அழிச்சிட்டு நான் அந்த வீட்டுக்குள்ள வந்தா, நான் வந்ததாலதான் அழிஞ்சதுன்னு ஒரு நாள் இவ நெனைப்பா மாமா," என்றாள். "அவ நெனைக்காட்டியும் எனக்குத் தோணிக்கிட்டே இருக்கும். அழிக்காதீங்க."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகுகிற பெண், அவளுக்குத் தெரிகிறது. அவள் வீடியோ எதையும் பார்க்கவில்லை. முதலில் ஜோவி பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ஜோவிக்கும் நாங்கள் காட்டவில்லை. ஆசையாகத்தான் இருந்தது, உன் அம்மா ஒரு நாள் லேப்டாப்பைத் திறக்கவே போய்விட்டாள். நான்தான் தடுத்தேன். அதைக் காட்ட வேண்டியவன் நீ. தாத்தா காட்டினால் அது ஒரு பழைய படம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இது எங்கே எடுத்தது, அப்போது உன் அம்மா என்ன சொன்னாள், நீ எதற்காக அடம்பிடித்தாய் என்று சொல்லிக்கொண்டே காட்டினால்தான் அவளுக்கு அம்மா கிடைப்பாள். கல்யாணத்துக்கு முன்பாகவா, ஜோவியையும் ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு புனேக்குப் போய் ஒரு வருடம் கழித்தா, எப்போது என்று நீ முடிவு செய். ஜோவி என்ற அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் போட்டு ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு, ஜோவி கண்ணில் படாதபடி லேப்டாப்பில் இருந்ததை எடுத்துவிட்டேன். பெரிய டிஸ்க், ஆஸ்பத்திரி ஃபோல்டரோடு, என் பீரோவிலேயே இருக்கும். அதை நீ திறக்கவே வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்தக் குழந்தையை அதிக நாள் காக்க வைக்காதே. கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். நாம் வாயை மூடிக்கொண்டால், கேட்கக் கூடாத விஷயம் போலிருக்கிறது என்று அவளும் வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் நீ காட்ட வந்தாலும் அவள் பார்க்க வர மாட்டாள். உன்னைப் பெற்றவன் சொல்கிறேன், அந்தப் பிடிவாதம் உன்னிடமிருந்து அவளுக்கு வந்திருக்கிறது.

இவ்வளவு நேரம் ஜோவிக்காக என்றும் ரெஜினாவுக்காக என்றும் நியாயம் பேசிவிட்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் வீடியோக்களைப் பார்த்த அன்றைக்கு மத்தியானம் டிஸ்க்கை அழிக்காமல் விட்டபோது இந்த நியாயங்கள் எதுவும் என் மனதில் இல்லை. அந்த வீடியோக்களில் உன் முகம் ஒன்றில்கூட இல்லை, படம் பிடிப்பவன் நீ அல்லவா. ஆனால் ஒவ்வொன்றிலும் நீ சிரிக்கிறாய். ஜோவி மழலையில் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது படமே குலுங்குகிறது, அப்படிச் சிரிக்கிறாய். ஸ்டெல்லா நிமிர்ந்து, சிரிக்காதய்யா, அது சொல்லிகினு கீதில்ல என்று அதட்டுகிறாள், அதற்கும் சிரிக்கிறாய். உன் அம்மா சட்டென்று அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். ஸ்டெல்லா போனதிலிருந்து நீ இந்த வீட்டில் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. மறுபடி போட்டோம். ஜோவி பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தோம். நீ அழிக்கச் சொன்னது உன் மனைவியை என்று நீ நினைத்தாய். அதற்குள் எங்கள் பிள்ளையும் இருந்தான் ஜெரோம், அவனை அழிக்க என் கை வரவில்லை.

அப்பா